யவனர் தேறலும் ஒரு மாணவன் வினாவும்

திராட்சை மதுவைப் பற்றித் தமிழாசிரியர் ஒருவர் இவ்விழா மலரில் எழுதப் புகுவது அன்பர் சிலருக்கு நகைப்பையும் வேறு சிலருக்கு முகச்சுழிப்பையும் விளைத்தல் கூடும். யாம் மது அருந்துவதில்லை. அருந்துமாறு எவரையும் தூண்டுவதும் எம் நோக்கமன்று. மாணவன் ஒருவன் கேட்ட வினாவுக்கு யாம் விடையளியாது விட்டதும், அவ்விடையைப் பல்லாண்டு கழித்து அவனிடமே கற்றுக்கொண்டதுமே இங்குச் சொல்லப் புகுந்தன.

2006ஆம் ஆண்டு. ஆசிரிய கலாசாலையிற் பயிற்சி முடித்து நம் கல்லூரிக்கு வந்து சிறிது காலமே ஆகியிருந்தது. பதினோராம் வகுப்பிற் பாடத்துக்குப் புறம்பாகப் புறநானூற்றின் 56ஆம் பாட்டை விளக்கிக்கொண்டிருந்தோம். யவனர் நல்ல கலத்திற் கொண்டுவந்த, குளிர்ச்சியும் நறுமணமும் உடைய தேறலைப் பொற்கிண்ணத்தில் ஏந்தி மகளிர் ஊட்ட உண்டு மகிழ்க எனப் பாண்டியன் நன்மாறனை நக்கீரனார் வாழ்த்தும் பாட்டு அது. “தேறல் என்பது தெளிந்த மது” என்று சொல்லி அடுத்த அடிக்குச் செல்ல முற்பட்டோம். கடைசி வாங்கிலிருந்த மாணவன் எழுந்தான்.

“சேர், எங்கடை கள்ளு பொழுதுபட முதலே புளிச்சுப்போகும். அந்த மது மாதக்கணக்காய்க் கப்பலிலை வந்தும் என்னெண்டு புளிக்கேல்லை?”

வகுப்புச் சிரித்தது. எமக்கு விடை தெரியாது. தெரியாது எனச் சொல்லும் துணிவும் அந்நாளில் இல்லை. “கள்ளுக் கதையைப் படலைக்கு வெளியிலை வைத்துக்கொள்ளும், இரும்” என்றோம். சிரிப்பு மேலும் உரத்தது. அவன் தந்தையார் பனையேறும் தொழிலினர் என்பதும், வகுப்பிற் பலர் அதனை அறிந்தே சிரித்தனர் என்பதும் பின்னரே எமக்குத் தெரியவந்தன. அதன்பின் அவன் எம் பாடத்தில் வினா எதுவும் கேட்டானல்லன்.

2024ஆம் ஆண்டு விடுமுறையொன்றிற் பாரிஸ் நகரில் வாழும் எம் தமக்கையாரிடம் சென்றிருந்தோம். அயலிலுள்ள பிரெஞ்சு முதியவர் இருவர் எம்மை இராவுணவுக்கு அழைத்திருந்தனர். வெறுங்கையோடு போதல் அழகன்று, ஒரு போத்தல் வாங்கிவா என்று தமக்கையார் எம்மைக் கடைக்கு அனுப்பினார். “கடையிலை எங்கடை ஊர்ப் பிள்ளை ஒண்டு நிக்கும், பயப்பிடாதை” என்றும் சொன்னார்.

நிலத்திலிருந்து முகடுவரை போத்தல்கள். எழுத்தறியாதான் நூல்நிலையத்துட் புகுந்தாற்போல் நின்றோம். “வாங்கோ சேர்” என்றது ஒரு குரல். அவனே தான். இனி அவர் என்று எழுதுவதே முறை.

சிவப்பா வெள்ளையா என்று முதலிற் கேட்டோம். விருந்தில் மீன் என்று அறிந்ததும் வெள்ளை என்றார். நிறம் பழத்தின் தோலில் இருக்கிறதாம். கருந்திராட்சையிலும் பெரும்பாலும் சாறு நிறமற்றதே. தோலோடு சேர்த்துப் புளிக்கவிட்டாற் சிவப்பும், அதனோடு துவர்ப்பும் வந்துசேரும். கருந்திராட்சையைப் பிழிந்து வெள்ளை மதுவும் செய்யலாம். ஷாம்பெயினிற் பெரும்பகுதி அவ்வாறு செய்யப்படுவதே.

போத்தலில் ‘ஷப்லி’ என்று எழுதியிருந்தது. அது பழத்தின் பெயரோ என வினவினோம். ஊரின் பெயர், பழம் ஷார்டொனே என்றார். இன்ன ஊரின் பெயரை இன்ன நிலத்து மதுவுக்கே இடலாம் என்னும் ஒழுங்கை அந்நாட்டார் 1935இற் சட்டமாக்கினர். “மட்டுவில் கத்தரிக்காய் எண்டால் விதையின்ரை பெயரையோ கேக்கிறம், சேர்?” என்றார். அப்போதே அது எமக்கு விளங்கிற்று.

ஆசிரியர் மரியாதை குன்றலாகாது என எண்ணி விலைகூடிய ஒன்றை எடுத்தோம். அதை மெல்ல வாங்கி இருந்த இடத்திலேயே வைத்துவிட்டார். அதே பாரிஸ் நகரில் 1976ஆம் ஆண்டு பெயர் மறைத்து நடத்திய சோதனையொன்றில், பிரெஞ்சு வல்லுநர்களே கலிபோர்னியா மதுக்களை வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடத்தில் வைத்துவிட்டனராம். விலை, பழமை, தக்கை எவற்றையும் நம்பி வாங்கவேண்டா. விற்கப்படுவனவற்றிற் பெரும்பாலன சில ஆண்டுகளுக்குள் அருந்தச் செய்தவையே. திருகுமூடி இட்டதனால் மது தாழ்ந்துவிடாது என்றார். நடுத்தர விலையில் ஒரு ஷப்லி எம் கைக்கு வந்தது.

பின்னர்த் திறந்திருந்த வேறொரு போத்தலிலிருந்து ஒரு கண்ணாடிக் கிண்ணத்திற் சிறிது வார்த்தார். “குடிக்க வேண்டாம் சேர், மணந்து பாருங்கோ.” குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் மணமே இல்லை. உள்ளங்கையில் வைத்திருக்கச் சிறிது நேரத்தில் எலுமிச்சையும் பச்சை அப்பிளும் போன்றதொரு மணம் எழுந்தது. பத்துப் பன்னிரண்டு பாகை வெப்பம் வெள்ளைக்குப் போதும். மிகக் குளிர்ந்தால் மணம் அடங்கும். வெப்பம் ஏறினால் மதுவின் நெடியே முந்தும் என்றார். குளிர்ச்சியையும் மணத்தையும் நக்கீரனார் ஒருங்கே வைத்ததை யாம் இத்தனை ஆண்டுகளும் வெறும் அடைமொழியாகவே சொல்லிக்கொடுத்திருக்கிறோம்.

யாம் கேளாமலே அவர் தொடர்ந்தார். “அண்டைக்குக் கேட்டது, சேர்…” பாளையிலிருந்து சொட்டும்போதே முட்டிக்குள் கள் புளிக்கத் தொடங்குகிறது. காற்றும் நுண்ணுயிரும் தடையின்றிப் புகுகின்றன, வெறியமும் குறைவு. திராட்சை மதுவிலோ நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று பங்கு வெறியம். பழத்தின் புளிப்பும் அதற்குக் காவல். யவனர் தம் சாடியின் உட்புறத்தே கீல் பூசி, வாயை இறுக அடைத்துக் காற்றை விலக்கினர். அத்தகைய சாடிகளின் ஓடுகளை அரிக்கமேட்டில் 1945இல் வீலர் அகழ்ந்தெடுத்த செய்தியை யாமும் படித்திருக்கிறோம். அவ்வோட்டையும் மாணவன் வினாவையும் சேர்த்துப் பார்க்க எமக்குத் தோன்றியதில்லை. மது கெடுவதற்கு நுண்ணுயிர்களே காரணம் என்பதை பஸ்தேர் 1866இல் நூலாக எழுதிய பின்னரே அதன் உண்மை உலகுக்கு விளங்கிற்றாம். “எங்கடை அப்பு பஸ்தேரைப் படிக்கேல்லை சேர். ஆனால் முட்டிக்குள்ளை சுண்ணாம்பு பூசினால் கருப்பநீர், பூசாட்டில் கள்ளு எண்டு அவருக்குத் தெரியும்” என்றார்.

அன்று சொன்ன சொல்லுக்கு வருந்துகிறோம் என்று தொடங்கினோம். வேறொருவர் கடைக்குள் வந்தார். அவர் அப்பக்கம் சென்றார். திரும்பிவந்து போத்தலைக் கடதாசியிற் சுற்றிக்கொண்டே, “அப்புவைக் கண்டனீங்களோ, சேர்?” என்று கேட்டார். இல்லை என்றோம். அவர் வீடு நம் கல்லூரியிலிருந்து இரண்டு மைல்.

ஊர் திரும்பி, அடுத்த பருவத்தில் அம்முதியவரிடம் போனோம். இப்போது அவர் ஏறுவதில்லை. மருமகன் இறக்கிய கருப்பநீரைப் பிளாவில் வார்த்துத் தந்தார். இருமுறை வாங்கிக் குடித்தோம். மகன் விற்கும் சரக்கைப் பற்றி விரிவாக விசாரித்தார். திறந்தாற் புளிக்காதோ என்றார். குளிர்பெட்டியில் மூன்று நாள் நிற்கும், சிலவேளை ஐந்து நாளும் நிற்கும் என மகன் சொன்னதைச் சொன்னோம்.

“மூண்டு நாளோ!” என்று பிளாவைக் கீழே வைத்துவிட்டார்.