வேலிக்கு மேலால் வந்த பலாக்காய்

எங்கள் குசினியில் ஒரு சின்னப் போத்தலில் எப்போதும் தேங்காயெண்ணெய் தனியாக இருக்கும். அது சமையலுக்கல்ல, கைக்குப் பூச. "எண்ண பூசாம பலாக்காய்ல கத்தி வெக்க வாணம் புள்ள" என்று உம்மா சொல்லித் தந்த பாடம் அது. சொல்லைக் கேளாமல் ஒருமுறை வெட்டிப் பார்த்தேன். விரல்களில் ஒட்டிய பால் மூன்று நாளைக்குப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் தொட்ட கொப்பித் தாளெல்லாம் என் கையோடு வந்தது.

கண்டி ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து ஹந்தானை மலைக்கு ஏறும் பாதையில் எங்கள் வீடு. டவுனில் சின்னதாகப் புடைவைக் கடை வைத்திருந்த வாப்பா, அறுபதுகளில் வாங்கிய இருபது பேர்ச்சஸ் காணி. சரிவான நிலம். கல்லடுக்கிப் படிபடியாகத் திருத்திய வாப்பாவின் கைவேலை இன்னும் சில இடங்களில் நிற்கிறது. மேலே போனால் தேயிலைத் தோட்டமும், 1925இல் கட்டிய தொழிற்சாலையும் வரும். 2001இலிருந்து அந்தத் தொழிற்சாலை தேயிலை நூதனசாலையாக இருக்கிறது. கீழே பார்த்தால் நகரம்.

எங்கள் காணிக்கும் அடுத்த காணிக்கும் நடுவில் கிளிசரிடியா வேலி. வேலியோரம் ஒரு பெரிய பலா மரம். மரத்தின் அடி ஆச்சியம்மாவின் காணியில், கிளைகளில் பாதி எங்கள் காணியில். ஆச்சியம்மா சிங்களவர். என்னைத் "துவே" என்றுதான் கூப்பிடுவார், மகளே என்று அர்த்தம். எங்கள் பக்கம் காய்த்தது எங்களுக்கு, அவர் பக்கம் காய்த்தது அவருக்கு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. எந்தப் பக்கத்தில் எது விழுந்தாலும் பாதி மற்றப் பக்கம் போனது. அவ்வளவுதான் சட்டம்.

மாசி, பங்குனியில் பொலொஸ் வரும். பலாவின் பிஞ்சுக்குச் சிங்களத்தில் அப்படிப் பெயர். நாங்களும் அப்படியே சொல்லிப் பழகிவிட்டோம். 1660இலிருந்து பத்தொன்பது வருடம் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்த ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் 1681இல் வெளியிட்ட நூலில், இவ்வூர் மக்கள் பலாவைப் பிஞ்சில் ஒரு பெயராலும், முற்றியதும் ஒரு பெயராலும், பழுத்ததும் வேறு பெயராலும் அழைப்பதைக் குறித்து வைத்திருக்கிறார். பொலொஸ், கொஸ், வரக்கா. முந்நூற்று நாற்பது வருடத்துக்குப் பிறகும் சந்தையில் அதே மூன்று பெயர்தான்.

உம்மா பொலொஸ் ஆக்கும் விதம் அவசரக்காரருக்குச் சரிவராது. தோலைத் தடிப்பாகச் சீவி, பெரிய துண்டுகளாக வெட்டி, கறுக்காமலிருக்க மஞ்சள் கரைத்த தண்ணீரில் போடுவார். மண்சட்டியில் கொறுக்காய்ப்புளி, மிளகாய்த்தூள், வறுத்த கறித்தூள், கறுவாப்பட்டை, உள்ளி, ரம்பை, கறிவேப்பிலை, கொஞ்சம் மாசித்தூள். இரண்டாம் பாலை மூட ஊற்றி, இஷாத் தொழுகைக்குப் போகுமுன் அடுப்பில் ஏற்றி, விறகை இழுத்துவிட்டுத் தணலில் விடுவார். சட்டி மூடியின் மேலும் நாலு தணல். சுபஹுக்கு எழும்பும்போது வீடெல்லாம் அந்த வாசம். காலையில் முதற்பாலை ஊற்றி இறக்கினால் துண்டுகள் கருஞ்சிவப்பாகி, தொட்டால் நாராகப் பிரியும். இறைச்சியைப் போலிருக்கிறது என்று விருந்தாளிகள் சொல்வார்கள். எனக்கோ நல்ல இறைச்சிதான் பொலொஸைப் போலிருக்கும்.

பிஞ்சு தப்பி முற்றியது கொஸ். சுளையையும் கொட்டையையும் மஞ்சள் போட்டு அவித்துத் தேங்காய்ப்பூவும் கட்டச்சம்பலும் வைத்தால் அன்றைக்குச் சோறு தேவையில்லை. மிஞ்சிய சுளையை அவித்து வெயிலில் காயவைத்து அடுப்புக்கு மேலே பரணில் போடுவார் உம்மா. கொட்டையை மணலில் புதைத்தால் மாதக்கணக்கில் இருக்கும். சிங்களவர் இந்த மரத்தைப் 'பத் கஸ' என்பார்கள், சோற்று மரம். 1915 கலவரத்தின்போது இராணுவச் சட்டத்தின் கீழ் சிறைப்பட்ட ஆதர் வி. டயஸ் என்பவர் பின்னர் நாடெங்கும் பலா நடும் இயக்கத்தை நடத்தி, 'கொஸ் மாமா' என்றே பெயர் வாங்கினார். எங்கள் வேலியோர மரத்தை யார் நட்டார் என்று ஆச்சியம்மாவுக்கும் தெரியாது.

பலா மட்டுமில்லை. கண்டிப் பக்கத்து வீட்டுத்தோட்டத்தைப் பற்றி ஆராய்ச்சியாளர்கள் நிறைய எழுதியிருக்கிறார்கள். மேல்தட்டில் பலா, தென்னை, கீழே கராம்பு, சாதிக்காய், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, அதற்கும் கீழே கோப்பி, வாழை, நிலத்தில் கிழங்கும் கீரையும். காட்டைப் போலவே அடுக்கடுக்காய் இருப்பதால் அதை வனத்தோட்டம் என்கிறார்கள். நாங்கள் ஆராய்ச்சி எதுவும் பார்க்காமலே அதற்குள் வளர்ந்தோம். தை மாதத்தில் பாயில் காயும் கராம்பு. ஆனியிலிருந்து ஆவணி வரை ஆனைக்கொய்யா, ரம்புட்டான். ஐப்பசி மழை இறங்கியதும் வல்லாரையும் முக்குணுவென்னவும் தாமாகவே கிளம்பும். அரைமணி நேரத்தில் பறித்து, அரிந்து, தேங்காய்ப்பூவோடு சுண்டி, தேசிக்காய் பிழிந்து இறக்கலாம். பறித்த கை ஈரம் காயுமுன் தின்ற கீரையின் ருசி கடைக்கீரையில் வராது.

பருவத்தில் விளைவது ஒரு வீட்டுக்கு அளந்து வருவதில்லை. பத்து மாதம் ஒன்றுமில்லாமல் நின்ற மரம் ஒரு மாதத்தில் நாற்பது காய் கொடுக்கும். ஆனைக்கொய்யா ஒரே கிழமையில் எல்லாம் பழுக்கும். எங்கள் வீட்டில் அப்போது பிரிட்ஜ் இல்லை. அழுகவிடாமலிருக்க ஒரே வழி கொடுப்பதுதான். குழம்பு ஆக்கினால் தண்ணீரைச் சற்றுக் கூட்டி அண்டை வீட்டையும் நினைக்கச் சொல்லும் நபிமொழியை வாப்பா அடிக்கடி சொல்வார். பலா மரம் வைத்திருப்பவனுக்கு அதை நினைவூட்டத் தேவையில்லை, மரமே நினைவூட்டும். எங்களிடமிருந்து பொலொஸ் சட்டி போனால் அங்கிருந்து கித்துள் கருப்பட்டி வரும். சித்திரை வருடத்துக்குக் கொண்டைப் பலகாரம் வரும், நோன்புக்கு நாங்கள் கஞ்சி அனுப்புவோம். மேலே தோட்டத்து லயத்திலிருந்து கொழுந்து கொய்ய வரும் ஓர் அக்கா, லயத்துக் காணித்துண்டில் விளைந்த போஞ்சியைக் கொண்டுவந்து தந்துவிட்டுப் பலாக்கொட்டை வாங்கிப் போவார்.

1973, 74இல் நான் சின்னப் பிள்ளை. பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குக் கொண்டுபோகும் அரிசிக்கும் அளவு, வழியில் சோதனை. அந்த இரண்டு வருடமும் அந்த ஒரு மரம் இரண்டு வீட்டையும் தூக்கி நிறுத்தியது. காலையில் மரவள்ளி, பகலில் கொஸ், இரவில் சுட்ட பலாக்கொட்டையும் தேத்தண்ணியும். ஒரே சாப்பாட்டில் அலுத்து நான் அழுததும், வாப்பா ஒரு துண்டுக் கருப்பட்டியை என் கையில் வைத்ததும் நினைவிருக்கிறது. அந்தக் கருப்பட்டி ஆச்சியம்மா தந்தது.

இனி எழுதப்போவது சமையலைப் பற்றியதல்ல. ஆனால் இதை விட்டுவிட்டுச் சமையலை மட்டும் எழுதினால் அது பொய்யாகிவிடும்.

2018 மார்ச்சில் தெல்தெனியவிலும் திகனயிலும் தொடங்கிய வன்முறை எங்கள் மாவட்டத்தில் பல ஊர்களுக்குப் பரவியது. முஸ்லிம்களின் கடைகளும் வீடுகளும் பள்ளிவாசல்களும் எரிந்தன. ஊரடங்கு, 6ஆம் திகதி அவசரகாலச் சட்டம். எங்கள் பாதைக்கு யாரும் வரவில்லை. எங்கள் வீட்டுக் கண்ணாடி ஒன்றுகூட உடையவில்லை. இருந்தும் இரவில் விளக்கை அணைத்துவிட்டு முன்கதவோரம் உட்கார்ந்திருந்தோம். அடுத்த வீட்டிலும் விளக்கு அணைந்திருந்தது. அவர்கள் எதற்காக அணைத்தார்கள் என்று அன்றைக்கு நான் யோசித்த விதத்தை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

அப்போது மரம் நிறையப் பொலொஸ். நான் ஒன்றுகூட வெட்டவில்லை. சித்திரை வந்தது. அங்கிருந்து பலகாரம் வரவில்லை. மே மாத நடுவில் நோன்பு தொடங்கியது. நான் கஞ்சி காய்ச்சினேன், வேலிக்கு அந்தப் பக்கம் அனுப்பவில்லை. யாரும் எனக்கு ஒரு தீங்கும் செய்யவில்லை, ஒரு சொல் சொல்லவில்லை. நிறுத்தியது நான்தான். பிஞ்சு முற்றியது, முற்றியது பழுத்தது, பழுத்தது விழுந்தது. நோன்பு கடைசிப் பத்தில் எங்கள் கொல்லையில் எட்டோ பத்தோ பழம் உடைந்து கிடந்தது. ஈ மொய்த்தது. அந்த இனித்த அழுகல் நாற்றம் குசினி ஜன்னலைச் சாத்தினாலும் உள்ளே வந்தது. குரங்குகூட ஒருகட்டத்தில் தின்பதை விட்டுவிட்டது.

ஒருநாள் அஸர் நேரம் வேலியோரம் ஆச்சியம்மாவின் குரல். "துவே!" போனேன். அவர் கையில் ஒரு பாதிப் பலா, வெட்டிய இடத்தில் வாழையிலை மூடி. கிளிசரிடியாக் கிளைகளுக்கு மேலால் நீட்டிக்கொண்டிருந்தார். எண்பது வயதுக்குக் கிட்டிய கை பாரத்தில் நடுங்கியது. வாங்கிக்கொண்டேன்.

"அழுகவிடுவது பாவம்" என்றார். பிறகு, "இந்த வருடம் கஞ்சி காய்ச்சவில்லையா?" என்று கேட்டார்.

நாங்கள் தன்மேல் கோபம் என்று அவர் நினைத்திருந்திருக்கிறார். பலகாரத்தைத் தட்டில் எடுத்துவைத்துவிட்டு, அனுப்பலாமா கூடாதா என்று பார்த்துக்கொண்டிருந்ததாகப் பின்னாளில் அவருடைய மகன் சொன்னார். அன்று மஃரிபுக்கு முன் ஒரு சட்டிக் கஞ்சி அந்தப் பக்கம் போனது. மார்ச்சைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதன்பிறகும் நாங்கள் அதைப் பேசியதே இல்லை. பேசியிருக்க வேண்டுமோ என்று இப்போது சில நாட்களில் தோன்றுகிறது. ஒரு சட்டிக் கஞ்சியால் திகனயில் எரிந்த கடை எழும்பிவிடாது. அது எனக்குத் தெரியும். என் கொல்லையில் நாற்றம் நின்றது, அதற்குமேல் நான் எதையும் சொல்ல வரவில்லை.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென்று நிறுத்தினார்கள். சில மாதங்களில் தடை நீங்கினாலும் வயல்கள் பட்ட அடி நீங்கவில்லை. 2022 செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். கேஸ் இல்லை. அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள். எங்கள் மரம் ஒருநாளும் பசளை மூட்டையைக் கண்டதில்லை, அது பாட்டுக்குக் காய்த்தது. தூசி படிந்து கிடந்த விறகடுப்பை மீண்டும் மூட்டினேன். ஆச்சியம்மாவின் வீட்டுச் சட்டியையும் என் அடுப்பிலேயே வைத்தோம். இரண்டு சட்டிக்கு ஒரு விறகு. உம்மா செய்தது போலவே மூடியின் மேல் நாலு தணல் போட்டேன்.

வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னவர்கள் குரங்குக்கும் ஒரு வழி சொல்லியிருக்கலாம். பிறகு 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு, நாடெங்கும் ஐந்து நிமிடம் தத்தம் காணியில் நிற்கும் குரங்கு, மலையணில், மயிலை எண்ணிச் சொல்லும்படி அரசாங்கம் கேட்டது. நானும் தாளும் பேனையுமாகக் கொல்லையில் நின்றேன். ஒன்றுகூட வரவில்லை. எட்டே காலுக்குப் பதினொரு பேர் வந்து முழு வாழைக்குலையையும் தின்றுவிட்டுப் போனார்கள்.

ஆச்சியம்மா 2023இல் கண்ணை மூடினார். மகன் வேலியைப் பிடுங்கிவிட்டு மதில் கட்ட நினைத்தார். மரம் சரியாக எல்லையில் நின்றது. பலா மரம் வெட்ட அனுமதி எடுக்க வேண்டும், அதற்கும் எழுதிப்போடப் போவதாகச் சொன்னார். அவருடைய காணி, அவருடைய மரம். நான் என்ன சொல்ல? "சரி மகன்" என்றேன். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயலின் மழை கண்டி மாவட்டத்தில் எத்தனையோ மலைச்சரிவுகளைச் சரித்துவிட்டது. இரண்டு இரவு நாங்கள் உடுத்த உடையோடு விழித்திருந்தோம். மழை விட்ட பிறகு அவர் வந்து மரத்தின் அடியைச் சுற்றிப் பார்த்தார். "இந்த வேர்தான் இந்த மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. இதை வெட்டுவதில்லை" என்றார். மதிலைப் பற்றியும் அதன்பிறகு பேச்சில்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் பொலொஸை அவருடைய மனைவி பறித்தார். கொழும்புக்காரப் பிள்ளை. எப்படி வெட்டுவதென்று கேட்டுக்கொண்டு காயோடு எங்கள் குசினிக்கே வந்துவிட்டார். கத்தியை எடுக்கப் போனவரைத் தடுத்து, போத்தலைத் திறந்து, அந்தக் கைகளில் எண்ணெய் ஊற்றினேன்.