ஓட்டை உடைக்கலாமா, வேண்டாமா?

பி.காம் படிக்கிறவன் வாத்து முட்டையைப் பத்தி எழுத வந்துட்டானேன்னு சிரிக்காதீங்க மக்களே. கொஞ்ச நாளா மண்டைக்குள்ள ஓடிக்கிட்டே இருக்குற விஷயம் இது. ஓட்டுக்குள்ள ஒரு குஞ்சு வெளிய வர முட்டி மோதிக்கிட்டு இருக்கு. கை எட்டுற தூரத்துல நாம இருக்கோம். உடைச்சு விடலாமா, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கணுமா?

கேள்வி வந்த இடம் அடையாறு காந்தி நகர்ல என் வகுப்புத் தோழன் வீடு. அவன் பாட்டிக்கு ஆரணிப் பக்கம். அறுவடை முடிஞ்ச வயல்ல வாத்து மேய்க்கிற ஊருங்க அந்தப் பக்கம் நிறைய. அங்கிருந்து பத்து முட்டை வந்தது. தெர்மாகோல் பெட்டி, குண்டு பல்பு, சின்ன ஃபேன், ஒரு தெர்மோஸ்டாட், இதான் இன்குபேட்டர். சூடு 37.5 டிகிரி. கோழிக்கு 21 நாள்னா வாத்துக்கு 28 நாள். தினம் நாலஞ்சு தடவை முட்டையைத் திருப்பி வைக்கணும். கடைசி மூணு நாள் திருப்பக் கூடாது, பெட்டிக்குள்ள ஈரத்தையும் கூட்டணும். பத்தாம் நாள் இருட்டுல டார்ச் அடிச்சுப் பார்த்ததுல எட்டு முட்டையில உயிர் இருந்தது.

28ஆம் நாள் அஞ்சு குஞ்சு தானா வந்துடுச்சு. ஆறாவது ஓட்டுல நட்சத்திரம் மாதிரி ஒரு விரிசல் விட்டுட்டு அப்படியே நின்னுபோச்சு. பத்து மணி நேரம், பதினஞ்சு மணி நேரம், ஒண்ணும் நடக்கலை. உள்ள இருந்து கீச் கீச்னு சத்தம் மட்டும். நாங்க எல்லாரும் உரிச்சு விட்டுடலாம்னு கிளம்பினோம். பாட்டி ஒரே வார்த்தைதான் சொன்னாங்க: "அடை காக்குற கோழி உரிச்சா விடுது? சும்மா இருங்கடா." அவங்க ஊர்ல வாத்து முட்டையைக் கோழிக்கு அடியில வச்சுத்தான் பொரிக்க வைப்பாங்களாம்.

பாட்டி சொன்னதுல விஷயம் இருக்கு. வெளியே விரிசல் விடுறதுக்கு முன்னாடியே குஞ்சு முட்டையோட தடிச்ச பக்கம் இருக்குற காத்து அறைக்குள்ள மூக்கை நுழைச்சு, நுரையீரலால மூச்சு விடப் பழகுது. ஓட்டுல விரிசல் விட்ட பிறகு ஒரு நாள், சில சமயம் அதுக்கு மேலயும் சும்மா கிடக்குற மாதிரி தெரியும். அப்பத்தான் ரெண்டு பெரிய வேலை நடக்குது. ஓட்டை ஒட்டின சவ்வுல ஓடிக்கிட்டு இருந்த ரத்தம் உடம்புக்குள்ள திரும்புது. மிச்சம் இருக்குற மஞ்சள் கரு தொப்புள் வழியா வயித்துக்குள்ள போகுது. வெளிய வந்ததும் ரெண்டு நாளுக்கு அதுதான் சாப்பாடு. எங்க பாஷையில சொன்னா, ஆரம்ப இருப்பு. இது முடியறதுக்கு முன்னாடி உரிச்சா ரத்தம் கொட்டும், தொப்புள் மூடாம கிருமி ஏறும். நாம உதவின்னு நினைக்கிறது அதுக்கு எமன்.

ஆறாவது குஞ்சு 26 மணி நேரம் கழிச்சு, முட்டையைச் சுத்தி வட்டமா ஓட்டை வெட்டிக்கிட்டு தானே வந்துச்சு.

ஏழாவது கதை வேற. தோழனோட தம்பி ஆர்வக்கோளாறுல அரை மணிக்கு ஒரு தடவை மூடியைத் திறந்து பார்த்துக்கிட்டே இருந்ததுல உள்ள இருந்த ஈரம் போயிடுச்சு. விரிசல் விட்டு 36 மணி நேரம் ஆகியும் துளை பெருசாகலை. சவ்வு பழுப்பா, தோல் மாதிரி காய்ஞ்சு குஞ்சு மேல ஒட்டிக்கிச்சு. சத்தமும் குறைஞ்சது. இப்ப பாட்டியே எழுந்து வந்தாங்க. வெதுவெதுப்பான தண்ணியில பஞ்சை நனைச்சு சவ்வு மேல ஒத்தினாங்க. நனைஞ்சதும் சிவப்பா ஒரு நரம்பு தெரிஞ்சது. உடனே நிறுத்தி, திரும்ப உள்ள வச்சாச்சு. அஞ்சு மணி நேரம் கழிச்சு நனைச்சா நரம்பு இல்லை. அப்புறம்தான் ஓட்டைத் துளித்துளியா எடுத்தாங்க. தலை பக்கம் மட்டும். கடைசி உதை குஞ்சே உதைச்சு வெளிய வந்தது.

எட்டாவது விரிசலே விடலை. 31ஆம் நாள் திறந்து பார்த்தப்போ முழுசா வளர்ந்த குஞ்சு செத்திருந்தது. மஞ்சள் கரு வயித்துக்கு வெளியவே இருந்தது. அன்னிக்கு யாரும் சரியா பேசிக்கலை.

இதே கேள்விக்கு காந்தி நகர்ல இருந்து கொஞ்ச தூரத்துல, பெசன்ட் நகர் கடற்கரையில வருஷா வருஷம் பதில் நடந்துக்கிட்டு இருக்கு. மாணவர்கள் 1988ல ஆரம்பிச்ச கடல் ஆமை பாதுகாப்பு அமைப்பு அது, எஸ்.எஸ்.டி.சி.என். ஜனவரியில இருந்து ராத்திரியெல்லாம் நீலாங்கரை, பெசன்ட் நகர் மணல்ல நடந்து பங்குனி ஆமை முட்டைகளைத் தேடி எடுத்து, வேலி போட்ட பொரிப்பகத்துல புதைப்பாங்க. ஒரு குழியில நூறு முட்டை கிட்ட இருக்கும். வாத்து முட்டையைத் திருப்பணும், ஆமை முட்டையைத் திருப்பவே கூடாது. கரு மேல் ஓட்டுல ஒட்டிக்கிட்டு வளருறதால திருப்பினா செத்துடும். சுமார் 45 நாளுக்கு மேல குஞ்சுங்க தானா மணலைத் தோண்டி மேல வரும். யாரும் தோண்டி விட மாட்டாங்க.

மேல வந்ததும் கடலுக்குள்ள கொண்டு போய் விடுறதும் இல்லை. அலைக்குக் கொஞ்சம் முன்னாடி மணல்ல விட்டுடுவாங்க, மிச்சத்தை அதுங்களே நடக்கணும். ஆனா நாய்கிட்ட இருந்து காப்பாத்துவாங்க. வெளிச்சம் இருக்குற பக்கம் போறது ஆமைக்குஞ்சோட இயல்பு. முன்னாடி ராத்திரியில வெளிச்சமா இருந்தது கடல்தான், இப்ப தெருவிளக்கு. அந்தப் பக்கம் திரும்பிப் போற குஞ்சை எடுத்து கடலைப் பார்க்க விடுவாங்க.

எனக்குப் புரிஞ்சது இவ்வளவுதான். மஞ்சள் கருவை உள்ள இழுக்குறதும் மணல்ல நடக்குறதும் குஞ்சோட வேலை. அதை நாம செஞ்சு கொடுக்க முடியாது. காய்ஞ்ச சவ்வும் தெருவிளக்கும் தடை. அதுவும் பாதி நாம வச்ச தடை. அதை எடுக்கலாம், எடுக்கணும்.

கை துறுதுறுங்குறப்போ முதல்ல சவ்வை நனைச்சுப் பாருங்க. நரம்பு சிவப்பா தெரிஞ்சா மூடியை மூடிட்டுப் போய் ஒரு காபி குடிங்க. :)