திருக்காவலூரில் கற்ற பாடம்

ஆடி மாதத்து ஞாயிறு ஒன்றில் காலைத் திருப்பலியை முடித்துக்கொண்டு, எம் பங்கு மக்கள் சுமார் ஐம்பது பேருடன் ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா திருத்தலத்திற்குப் பேருந்தில் புறப்பட்டோம். தஞ்சையிலிருந்து வடக்கே செல்லும் அந்தச் சாலையை ஆறுகளின் சாலை என்றே சொல்லலாம். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஒன்றன்பின் ஒன்றாகப் பாலங்களைக் கடந்தால் திருவையாறு வந்துவிடும். புதுப்புனல் நுரையோடு ஓடிக்கொண்டிருந்தது. நாற்றங்கால்கள் பசுமை பூத்திருந்தன. பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டு வந்தனர்.

என் இருக்கைக்கு இரண்டு வரிசை பின்னால், சன்னல் ஓரமாக ஒரு விதவைத் தாய் அமர்ந்திருந்தார். அவர் முகத்தை நேருக்கு நேர் பார்க்க எனக்குத் துணிவில்லை. அதன் காரணத்தை வாசக அன்பர்களிடம் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். இக்கட்டுரை எழுந்ததே அதனால்தான்.

அதற்கு முந்திய ஆண்டு அவருடைய கணவர் இறைவனடி சேர்ந்தார். வாழ்நாளெல்லாம் வயலில் உழைத்தவர். அடக்க நாளன்று நான் அவ்வீட்டுக்குச் சென்றபோது, தெருமுனையில் பேண்டு வாத்தியக்காரர்கள் திரைப்படப் பாடல் ஒன்றை முழக்கிக்கொண்டிருந்தார்கள். பந்தலில் கட்டிய ஒலிபெருக்கியில் வேறொரு திரைப்பாடல் அலறியது. உள்ளே பெண்கள் பெட்டியைச் சுற்றி அமர்ந்து, ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். நான் இம்மூன்றையும் ஒரே தராசில் வைத்துவிட்டேன். தொழுகைக்கூடத் தலைவர் ஒருவரின் வீட்டில் குழலூதுவோரை நம் ஆண்டவர் வெளியே போகச் சொன்ன நிகழ்ச்சியை எடுத்துரைத்து, அனைத்தையும் நிறுத்தச் செய்தேன். பேண்டு நின்றது, ஒலிபெருக்கி நின்றது, ஒப்பாரியும் நின்றது. ஆலயத்தில் எம் பாடகர் குழுவினர் கீபோர்டு ஒலிக்க நான்கு புதிய பாடல்களைப் பாடினார்கள். அவற்றுள் இரண்டு, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கே பொருந்தும் துள்ளல் நடையில் அமைந்தவை. அவை வீட்டார் எவருக்கும் தெரியாதவை. முதல் வரிசையில் அந்தத் தாய் வாய் மூடி அமர்ந்திருந்தார். வழிபாடு ஒழுங்காக நடந்தது என்ற மனநிறைவோடு நான் இல்லம் திரும்பினேன்.

முப்பதாம் நாள் பூசைக்கு எழுதிக் கொடுக்க வந்தபோது அவர் மெதுவாகச் சொன்னார்: "பாட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு சாமி. ஆனா அவருக்காக ஒரு வாய் அழவும் முடியல, ஒரு பாட்டு சேர்ந்து பாடவும் முடியல."

அதில் கோபம் இல்லை. அதனாலேயே அச்சொல் என்னுள் முள்ளாகத் தைத்தது.

திருவையாற்றில் பேருந்து சற்று நின்றது. காவிரிக் கரையில் தியாகராச சுவாமிகளின் சமாதி இருக்கிறது. 1847இல் மறைந்த அவருக்கு ஆண்டுதோறும் அவர் மறைந்த திதியில் ஆராதனை நடப்பதையும், அன்று இசைவாணர்கள் ஒன்றுகூடி அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைப் பாடுவதையும் நாம் அறிவோம். மேடையில் ஒருவர் பாட மற்றவர் கேட்கும் கச்சேரி அன்று அது. புகழ்பெற்றவரும் நேற்றுப் பயிலத் தொடங்கியவரும் தரையில் அமர்ந்து ஒரே குரலாய்ப் பாடுகிறார்கள். நம் சமயத்தவர் அல்லாத ஒருவரின் நினைவிடம்தான். ஆயினும் ஒரு கல்லறையருகே பாடுவது என்றால் என்ன என்பதை அந்த மரபு எனக்கு உணர்த்தியது. அங்கே கூடுவோர் எல்லாருக்கும் அப்பாடல் தெரியும். எம் பாடகர் குழுவின் நான்கு புதிய பாடல்கள் என் நினைவுக்கு வந்தன.

கொள்ளிடத்தைக் கடந்து, திருமானூரில் கிழக்கே திரும்பி, ஏலாக்குறிச்சியை அடைந்தோம். வீரமாமுனிவர் இவ்வூருக்கு இட்ட பெயர் திருக்காவலூர். இத்தாலி நாட்டில் 1680இல் பிறந்து, இயேசு சபைக் குருவாய் 1710இல் இந்தியா வந்து, மதுரை மறைப்பணித் தளத்தில் உழைத்த அம்மகான் இங்கே நெடுங்காலம் தங்கினார். அடைக்கல அன்னையின் பெயரால் அவர் பாடிய நூல்கள் பல. திருக்காவலூர்க் கலம்பகம் அவற்றுள் ஒன்று. அன்னை அழுங்கல் அந்தாதி மற்றொன்று.

அந்தப் பெயரைச் சற்று எண்ணிப் பாருங்கள். அழுங்கல் என்றால் துயருற்று வருந்துதல். தம் திருமகனை இழந்த தேவதாயின் புலம்பலை ஒரு குருவானவரே தமிழில் அந்தாதியாகத் தொடுத்திருக்கிறார். நான் என் பங்கில் தடுத்து நிறுத்திய அதே அழுகை, இந்தத் திருத்தலத்தோடு சேர்ந்த நூலொன்றின் தலைப்பாகவே நிற்கிறது!

திருப்பலிக்குப் பின் மர நிழலில் அமர்ந்து உணவருந்தினோம். அப்போது முனிவரின் தேம்பாவணியைப் பற்றிப் பேச்சு எழுந்தது. 1726இல் இயற்றப்பெற்று, 36 படலங்களும் 3615 பாடல்களும் கொண்டு, புனித சூசையப்பரைத் தலைவராகப் பாடும் பெருங்காப்பியம் அது. எம்மோடு வந்த மாணவி ஒருத்தி, "கருணையன் அழுற பகுதி எங்க பத்தாம் வகுப்புப் புத்தகத்துல வந்துச்சு சாமி" என்றாள். திருமுழுக்கு யோவானுக்கு முனிவர் இட்ட பெயர் கருணையன். அவர் தாய் எலிசபெத்தம்மாளோடு காட்டில் வாழ்கிறார். தாய் இறக்கிறார். மகன் குழியில் மலர் பரப்பி, அன்னையின் உடலைக் கிடத்தி, அதை அன்போடு காக்கும்படி மண்ணிடம் ஒப்படைக்கிறான். பிறகு தன் தனிமையை எண்ணி எண்ணிப் புலம்புகிறான். மரமும் மலரும் பறவையும் அவனோடு சேர்ந்து அழுதனவாம்.

இக்கதையை நான் சொல்லி முடித்தபோது அந்த விதவைத் தாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அருளப்பரே அழுதிருக்காரா சாமி?" என்றார். "அழுதார் அம்மா, நம் ஆண்டவரும் இலாசரின் கல்லறையருகே கண்ணீர் விட்டார். அன்று உங்களைத் தடுத்தது என் தவறு" என்றேன். அவர் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். பக்கத்தில் இருந்த பெண்கள் அவரை அணைத்துக்கொண்டார்கள். இம்முறை நான் எதையும் நிறுத்தவில்லை.

திரும்பும் வழியெல்லாம் என் உள்ளம் இதையே அசைபோட்டது. நம்பிக்கையற்றவர்களைப் போலத் துயருறலாகாது என்கிறார் புனித பவுல். துயருறவே கூடாது என்று அவர் சொல்லவில்லை. புனித அகுஸ்தீனார் 387இல் ஓஸ்தியா நகரில் தம் தாய் மோனிக்கம்மாளை இழந்ததைத் தம் வாழ்க்கை வரலாற்றில் எழுதியிருக்கிறார். மகன் அதேயோதாத்து கதறியபோது சுற்றியிருந்தோர் அவனை அடக்கினார்கள். எவோதியுஸ் என்னும் நண்பர் திருப்பாடல் நூலை எடுத்து 101ஆம் சங்கீதத்தைப் பாடத் தொடங்க, வீடு முழுவதும் பதிலுரைத்தது. அகுஸ்தீனாரோ தம் கண்ணீரை வலிந்து அடக்கிக்கொண்டார். பின்னர்த் தனிமையில், புனித அம்புரோசியாரின் மாலைப் பாடல் ஒன்று நினைவுக்கு வந்தபோதுதான் அணை உடைந்தது. நல்ல வழிபாட்டுப் பாடல் கண்ணீரைத் துரத்துவதில்லை. அதற்கு வழி திறந்து, இறைவனிடம் கொண்டு சேர்க்கிறது.

அப்படியானால் எதையும் எங்கும் பாடலாமா? இல்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் திருவழிபாட்டைப் பற்றி வெளியிட்ட ஏட்டில், அடக்கச் சடங்கு கிறிஸ்தவ மரணத்தின் பாஸ்காப் பண்பை இன்னும் தெளிவாகக் காட்டவேண்டும் என்றும், அந்தந்த நாட்டின் சூழலுக்கும் மரபுக்கும் பொருந்த அமையவேண்டும் என்றும் பணித்தது. அதன்படி 1969இல் புதிய அடக்கச் சடங்கு நூல் வெளிவந்தது. இறுதித் தீர்ப்பின் அச்சத்தைப் பாடிய பழைய இலத்தீன் தொடர்பாடல் இறந்தோர் பூசையிலிருந்து நீங்கியது. முன்பு அப்பூசையில் இடம்பெறாதிருந்த அல்லேலூயா அதனுள் வந்தது. ஆனால் அல்லேலூயா வந்ததால் ஆடல் நடையும் வரலாம் என்பதன்று பொருள். பெரிய வெள்ளியைக் கடந்துதான் உயிர்ப்பு ஞாயிறு வருகிறது.

அந்நூல் வகுத்துள்ள முறைகளுள் ஒன்று மூன்று நிலைகளைக் கொண்டது: வீடு, ஆலயம், கல்லறைத் தோட்டம். எந்தப் பாடல் எங்கே என்ற சிக்கலுக்கு அதிலேயே விடை இருக்கிறது. வீடு அழுகைக்குரிய இடம். ஒப்பாரிக்கு அங்கே இடம் உண்டு. அது ஓயும் வேளையில் செபமாலையும், ஆழத்திலிருந்து கூவும் 130ஆம் சங்கீதமும், நல்லாயனைப் போற்றும் 23ஆம் சங்கீதமும் தொடரட்டும். ஆலயம் மன்றாட்டுக்குரிய இடம். அங்கே பாடப்பெறுவது இறந்தவரின் புகழ்ச்சியன்று. அவருக்காக இறைவனை நோக்கி எழும் வேண்டுதல். பதிலுரைப் பாடல், வாழ்வு தரும் உணவைப் பற்றிய திருவிருந்துப் பாடல், இறுதியாகப் பிரியாவிடைப் பாடல் ஆகியவற்றை மக்கள் அனைவரும் பாடவேண்டும். திருமுழுக்கை நினைவூட்டும் தீர்த்தம் பெட்டியின்மீது தெளிக்கப்படும் அந்நேரத்தில் எழும் பிரியாவிடைப் பாடலே இச்சடங்கின் சிகரம். அதை ஒலிப்பதிவுக் கருவியிடம் ஒப்படைக்கலாகாது. நமக்காகப் பாடக் கருவி போதுமானால், நமக்காக மன்றாடவும் கருவி போதுமே! கல்லறைக்குச் செல்லும் வழியோ வழியனுப்புதலுக்குரியது. வானதூதர் இவரை வழிநடத்த, மறைசாட்சிகள் வரவேற்க, ஒருகாலத்தில் ஏழையாயிருந்த இலாசரோடு இவர் இளைப்பாற்றி அடையவேண்டுமென்று வேண்டும் தொன்மையான பாடல் அதற்கென்றே உண்டு. 118, 42 ஆகிய சங்கீதங்களும் பொருந்தும்.

இம்மூன்று இடங்களில் எதிலும் திரைப்பாடலுக்கு வேலையில்லை. அதை நான் நிறுத்தியது சரியே. ஆனால் இறந்தவர் விரும்பிப் பாடிய மாதா பாட்டு எது, வீட்டார் மனப்பாடமாய் அறிந்த பாடல் எது என்று ஒரு சொல் கேட்டிருக்கலாமே! துயரத்தில் இருப்போரைக் கலந்து, அவர்கள் நிலைக்கு இரங்கி இச்சடங்கை அமைக்கவேண்டும் என்பது குருக்களுக்கு அந்நூல் தரும் அறிவுரை. அதைக் குருமடத்தில் படித்தேன், திருக்காவலூரில்தான் கற்றேன்.

ஐப்பசியில் எம் பங்கில் ஒரு மூதாட்டி காலமானார். அந்த விதவைத் தாய் அங்கே ஏற்கெனவே வந்திருந்தார். பெண்களின் ஒப்பாரியை அவர்தாம் முன்னின்று பாடிக்கொண்டிருந்தார். நான் ஓரமாகத் தரையில் அமர்ந்தேன். அரைமணி நேரம் சென்றிருக்கும். குரல்கள் தாமாகத் தணிந்தபோது 130ஆம் சங்கீதத்தைத் தொடங்கினேன். அவரே முதலில் பதிலுரைத்தார். பிறகு வீடு முழுவதும் பதிலுரைத்தது.

அன்புக் குடும்பத்தாரே, நவம்பர் 2ஆம் நாள் ஆண்டுதோறும் நம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். அன்று மாலை வீட்டில் பெரியவர்களிடம், "உங்களுக்காக நாங்கள் எந்தப் பாடலைப் பாடவேண்டும்?" என்று கேட்டு எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கும் அப்பாடலைக் கற்றுக்கொடுங்கள். அழைப்பு வரும் நாளில் அந்தத் தாளைப் பங்குத் தந்தையிடம் கொடுங்கள். அவர் மகிழ்ச்சியோடு வாங்கிக்கொள்வார்.