சதுப்பில் நின்ற சிலுவைகள்

குருமடத்தில் ஒன்றாகப் பயின்ற நாங்கள் இருவர், ஐம்பது வயதைக் கடந்த பின், கூடாரத்தை முதுகில் சுமந்துகொண்டு ஒரு மலைச் சதுப்பில் இரவு தங்கச் சென்றோம் என்றால் எங்கள் பங்கு மக்கள் நகைப்பார்கள். ஆயினும் 2025 செப்டம்பரில் அதுவே நடந்தது. எங்களுள் ஒருவர், இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள டெவன் பகுதியில் விடுப்பில் சென்ற பங்குத்தந்தைக்குப் பதிலாகச் சில மாதங்கள் பணியாற்றினார். மற்றவர் அவரைக் காணச் சென்றிருந்தார். எழுபதை நெருங்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், டார்ட்மூர் மேட்டு நிலத்தைக் கடந்து பக்ஃபாஸ்ட் துறவுமடம் வரை எங்களை நடத்திச் செல்வதாகச் சொன்னார். இரண்டு நாள் நடை; நடுவே ஓர் இரவு.

டார்ட்மூரின் மிக உயர்ந்த சிகரமே 621 மீட்டர்தான். கொடைக்கானல் மலையில் நடந்து பழகிய எங்களுக்கு அது ஒரு பொருட்டாகவே தோன்றவில்லை. அந்நிலத்தின் கடுமை உயரத்தில் இல்லை, நீரில் இருக்கிறது என்பதை நாங்கள் அறிந்திருக்கவில்லை. கடற்காற்று கொணரும் மழை அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2000 மில்லிமீட்டர் பொழிகிறது. அடியில் கருங்கற்பாறை, எனவே நீர் இறங்க வழியில்லை. மேலே ஸ்பாக்னம் என்னும் பாசி, தன் உலர்ந்த எடையைப்போல் ஏறத்தாழ இருபது மடங்கு நீரை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. அது முற்றிலும் மட்காமல் படிந்து படிந்து, ஆண்டுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் வீதம் கரிய சேற்று மண்ணாக வளர்கிறது. கால் வைத்தால் நிலமே மூச்சு விடுவதுபோல் அசைகிறது.

இங்கிலாந்தில் பிற இடங்களில் நில உரிமையாளரின் இசைவின்றித் திறந்த வெளியில் கூடாரம் அடிக்க முடியாது. டார்ட்மூரின் பொதுமேய்ச்சல் நிலங்களில் மட்டும் 1985ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடமளிக்கிறது. அவ்வுரிமை 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றத்தில் மறுக்கப்பட்டு, அதே ஆண்டு ஜூலையில் மேல்முறையீட்டில் மீட்கப்பட்டு, 2025 மே மாதம் உச்ச நீதிமன்றத்தால் உறுதி செய்யப்பட்டது. முதுகில் சுமக்கத்தக்க சிறு கூடாரம், ஓரிரு இரவுகள், தீ மூட்டாமை, சுவடின்றிப் புறப்படுதல் ஆகியவை அதன் ஒழுங்குகள்.

பிரின்ஸ்டவுன் என்னும் ஊரிலிருந்து நண்பகல் கடந்து புறப்பட்டோம். வெயிலும் தூறலும் மாறி மாறி வந்தன. நான்கு கிலோமீட்டர் நடந்ததும் ஒரு கற்சிலுவை எதிர்ப்பட்டது. சீவார்டின் சிலுவை என்று அழைக்கப்படும் அது, 1240ஆம் ஆண்டு எல்லை ஆவணத்திலேயே குறிக்கப்பட்டிருக்கிறது. இரண்டு மீட்டருக்கும் மேற்பட்ட உயரம். ஒரு காலத்தில் உடைந்து, இரும்புப் பட்டையால் பிணைக்கப்பட்ட உடல். அந்த மேட்டு நிலத்தில் இத்தகைய சிலுவைகள் பல உள்ளன. மூடுபனியில் துறவியரும் வழிப்போக்கரும் திசை தவறாதபடி வழி காட்டியவை அவை.

அதற்கப்பால் ஃபாக்ஸ் டார் உளை கிடந்தது. தெற்கு விளிம்பைச் சுற்றிப் போக வேண்டும் என்றார் ஆசிரியர். அவ்வேளையில் மேற்கே மேகம் இறங்கியது. எதிரே, பாய் விரித்தாற்போல், ஒளிரும் பசுமையான சமதளம். அதைக் கடந்தால் பாதித் தூரம் மிச்சம் என்று எங்களுக்குத் தோன்றிற்று. அவர் காலணியின் கயிற்றை இறுக்கக் குனிந்திருந்தார். நாங்கள் அவரைக் கேளாமலே இறங்கினோம்.

இருபது அடி போயிருப்போம். எங்களுள் ஒருவர் முழங்கால்வரை புதைந்தார். காலை இழுக்க முயன்றபோது தொடைவரை இறங்கினார். கைகொடுக்கப் போன மற்றவரும் சிக்கினார். முதலில் புதைந்தவர் யார் என்பதை எழுதாமல் விடுகிறோம். முடிவு இருவருடையதே. சேற்றின் குளிர் எலும்பைத் தொட்டது. காலை இழுக்க இழுக்க அது இறுகப் பற்றியது. அந்தச் சில நிமிடங்களில் நாங்கள் செபித்தோமா, வெறுமனே கூவினோமா என்பது இன்றும் நினைவில் இல்லை.

ஆசிரியர் விரைந்து வந்தார், ஆனால் பதறவில்லை. "அசையாதீர்கள். பையைக் கழற்றி முன்னால் போட்டு அதன்மேல் சாயுங்கள்" என்றார். தாம் உறுதியான புல்மேட்டில் வயிறு படியப் படுத்து, ஊன்றுகோலை நீட்டினார். ஒவ்வொரு காலாக, மெல்ல மெல்ல வெளிவந்தோம். ஒரு காலணி மட்டும் உளையிலேயே தங்கிவிட்டது.

மழை வலுத்தது. மேட்டுச் சரிவில் கூடாரம் அடிப்பதற்குள் பற்கள் கிடுகிடுத்தன. அவர் தம் உலர்ந்த கம்பளிச் சட்டையை ஒருவருக்கும், மாற்றுக் காலுறைகளை மற்றவருக்கும் தந்து, சிறிய எரிவாயு அடுப்பில் தேநீர் காய்ச்சினார். இரவு முழுவதும் காற்று கூடாரத்தை உலுக்கியது. உறக்கம் வராத எங்களுக்கு அவர் ஒரு பழங்கதை சொன்னார். சைல்டு என்னும் வேட்டைக்காரர் அங்கே பனிப்புயலில் அகப்பட்டு, தம் குதிரையைக் கொன்று அதன் உடலுக்குள் புகுந்துகொண்டும் விறைத்து இறந்தாராம். "நான் சொன்னேனே, கேட்டீர்களா?" என்ற சொல் மட்டும் அவர் வாயிலிருந்து வரவேயில்லை. அச்சொல்லை எதிர்பார்த்தே நாங்கள் விழித்திருந்தோம்.

விடிந்தபோது மூடுபனி நகர்ந்திருந்தது. உளையோரத்தில் அந்தச் சைல்டின் கல்லறை எனப்படும் கற்குவியலின்மேல் ஒரு சிலுவை தெரிந்தது. கேட்காமல் இருக்க எங்களால் முடியவில்லை: "எங்களை ஏன் கடிந்துகொள்ளவில்லை?" அவர் கூடாரத்தைச் சுருட்டியபடியே, "பத்தொன்பது வயதில் நானும் இங்கே இறங்கினேன். தந்தை கோலை நீட்டினார். வீடு போகும்வரை ஒன்றும் சொல்லவில்லை" என்றார்.

எங்கள் கூடாரம் இருந்த இடத்தில் சற்றே படிந்த புல்லைத் தவிர எதுவும் மிஞ்சவில்லை. துணி சுற்றிய காலில் அவருடைய பழைய ரப்பர் செருப்பை மாட்டிக்கொண்டு, சிலுவைக்குச் சிலுவை நடந்து, மாலையில் பக்ஃபாஸ்ட் சேர்ந்தோம். 1018இல் நிறுவப்பட்டு, 1539இல் மூடப்பட்ட மடம் அது. 1882இல் திரும்பி வந்த துறவியர், 1907 முதல் 1938 வரை, பெரும்பாலும் நால்வர் நால்வராகவே உழைத்து அக்கோவிலைக் கட்டி முடித்தனர். அங்கே நாங்கள் நெடுநேரம் பேசாமல் அமர்ந்திருந்தோம்.

முப்பது ஆண்டுகளாகப் பிறருக்கு வழி சொல்லி வருகிறவர்கள் நாங்கள். குடியில் சிக்கியவர், கடனில் அமிழ்ந்தவர், மணவாழ்வு உடைந்தவர் எத்தனையோ பேர் எங்கள் அறைக் கதவைத் தட்டியிருக்கிறார்கள். "ஏன் அங்கே போனாய்?" என்பதே பல வேளைகளில் எங்கள் முதற்கேள்வியாக இருந்தது. அப்போது அவர்கள் தொடைவரை சேற்றில் நின்றிருந்தார்கள் என்பதை, நாங்களும் நின்ற பிறகே அறிந்துகொண்டோம்.

ஊர் திரும்பிய பின்னும் அக்கேள்வி நாவின் நுனிவரை வரத்தான் செய்கிறது. அவ்வேளைகளில் ஈரப் புல்லில் வயிறு படியப் படுத்து, கோலை நீட்டிய அந்த முதியவரை நினைத்துக்கொள்கிறோம்.