சேற்றுப்புண்ணும் படர்தாமரையும்

தஞ்சைத் தரணியை நெற்களஞ்சியம் என்று மேடைதோறும் புகழ்கிறோம். அந்தக் களஞ்சியத்தை நிரப்பும் பெண்களின் கால்களைப் பற்றி யாரும் பேசக் காணோம். சம்பா நடவுக் காலத்தில் எங்கள் தெருப் பெண்கள் இரவில் மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்துக் கால்விரல் இடுக்குகளில் அப்பிக்கொள்வார்கள். அழகுக்காக அன்று, சேற்றுப்புண்ணுக்காக.

"தண்ணியில நின்னா காலு போவுது, நிக்காட்டி வயிறு போவுது" என்பார் என் அத்தை.

நாள் முழுதும் சேற்றில் ஊறிய தோல் வெளுத்து, வெந்ததுபோல் ஆகித் தன் காவலை இழக்கிறது. ஒட்டிக்கிடக்கும் கடைசி இரு விரல்களுக்கிடையே காற்றுப் புகாது. ஆகவே புண் பெரும்பாலும் அங்கேதான் தொடங்கும். பூஞ்சைக் காளானும் பாக்டீரியாவும் கூட்டாகக் குடியேறும். இதை 'வெறும் அரிப்பு' என்று தள்ளிவிடுகிறோம். ஆனால் யானைக்கால் நோய்க்கு ஒரு காலத்தில் பெயர்போன கும்பகோணம் வட்டாரம் இது. வீங்கிய கால் உள்ளவர்களுக்கு இந்தச் சிறு வெடிப்பே கிருமி நுழையும் வாசல். குளிர்காய்ச்சலும் வீக்கமும் திரும்பத் திரும்ப வருவது அவ்வழியாகத்தான். நீரிழிவுக்காரர்களுக்கும் அதே ஆபத்து உண்டு.

தாவரவியல் மாணவனாகிய எனக்கு ஒரு வியப்பு. நெல்லைத் தாக்கும் குலைநோயும் பூஞ்சையால் வருவதே. அதைப் பற்றி எங்கள் ஊர் விவசாயிகளிடம் நான்தான் பாடம் கேட்க வேண்டும். தழைச்சத்து மிகுந்த பயிரைக் குலைநோய் தேடி வரும் என்பது அவர்களுக்குத் தலைகீழ்ப் பாடம். நோய் கண்ட வயலில் யூரியாவைத் தூவினால் பயிர் கரும்பச்சையாக நின்று கண்ணை மயக்கும்; நோயோ உள்ளே கொழுக்கும். எந்த விவசாயியும் அதைச் செய்யமாட்டார். ஆனால் அதே விவசாயி தம் இடுப்பில் படர்தாமரை வந்தால் அதைத்தான் செய்கிறார்!

மருந்துக் கடையில் வாய்ச்சொல்லாகக் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு குளோபெட்டசால் போன்ற வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கிறது. ஸ்டீராய்டு பூஞ்சையைக் கொல்வதில்லை. அதை எதிர்க்கும் தோலின் போரை அடக்குகிறது. இரண்டே நாளில் சிவப்பு மறையும், அரிப்பு நிற்கும். குழாயை மூடி வைத்துவிடுகிறோம். பத்தாம் நாள், முன்னிலும் இருமடங்கு பரப்பில், வட்ட வடிவம்கூட மாறி, மருத்துவரே ஒரு கணம் தயங்கும் கோலத்தில் அது திரும்பி வருகிறது. தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து வரிவரியாகப் பிளக்கும். அந்த வரிகள் மறைவதே இல்லை.

2018-இல் மைய அரசு ஸ்டீராய்டுக் களிம்புகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாது என்று அட்டவணைப்படுத்தியது. சட்டம் வந்தது, பழக்கம் போகவில்லை. 2020-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள், அங்கிருந்த நேபாள, இந்திய நோயாளிகளிடம் கண்ட ஒரு பூஞ்சைக்கு 'டிரைக்கோபைட்டான் இண்டோட்டினியே' என்று பெயர் சூட்டினர். நம் நாட்டின் பெயர் அதில் ஒட்டிக்கொண்டது பெருமைக்குரிய செய்தி அன்று. முதல் மருந்தாக நம்பப்பட்ட டெர்பினாஃபினுக்கே அது பல இடங்களில் அசைவதில்லை. 2023-இல் நியூயார்க் நகரிலும் அது கண்டறியப்பட்டது.

நம் விடுதிக்கு வருவோம். ஐப்பசி மழையில் காயாத கால்சட்டையை அப்படியே மாட்டிக்கொண்டு வகுப்புக்கு ஓடுகிறோம். ஒரே துண்டு மூன்று தோள்களில் தொங்குகிறது. அரைஞாண் கயிறு நாளெல்லாம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கிறது; அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. குளித்தபின் தொடை இடுக்கையும் விரல் இடுக்கையும் தனித்துணியால் ஒற்றிக் காயவைப்பதும், உள்ளாடையை உட்புறம் வெளியே தெரியத் திருப்பி வெயிலில் உலர்த்துவதும் காசில்லாத வைத்தியம். ஸ்டீராய்டு கலக்காத குளோட்ரிமசால் களிம்பை வட்டத்திற்கு வெளியே இரண்டு விரற்கடை தள்ளியும் பூச வேண்டும். மறைந்த பின்னும் இரண்டு வாரமாவது நிறுத்தலாகாது. அதற்கும் அடங்காவிட்டால் மாத்திரை வேண்டுமா என்பதை மருத்துவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

(தேமலைக் கண்டு தொழுநோயோ என்று கலங்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை: தேமலில் உணர்ச்சி மரத்துப்போவதில்லை, அது பிறருக்கு ஒட்டுவதும் இல்லை. அதை உண்டாக்கும் பூஞ்சை நம் எல்லோர் தோலிலும் வாழ்வதுதான்.)

அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். ஆனால் அங்கே வரிசையில் நிற்கும் ஒரு நாள் என்பது ஒரு நாள் கூலி. பெட்டிக்கடைக்குப் போவதுபோல் மருந்துக் கடைக்குப் போகிறார்களே என்று கூலிப் பெண்களை ஏசுவோர் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்ததில்லை. என் அத்தை போனது அடைமழையால் நடவு நின்ற ஒரு நாளில்தான். படர்தாமரை அவருக்கு இடுப்பு வரை ஏறியிருந்தது. "வீட்டில் வேறு யாருக்கு அரிப்பு?" என்று மருத்துவர் கேட்டாராம். மாமாவுக்கும் சின்னவனுக்கும் உண்டு. எல்லோரும் ஒன்றாக மருந்து போட்டாலொழியத் தீராது என்று சொல்லியனுப்பினார். மாமா ஒப்பவில்லை. "ஆம்பளைக்கு இதெல்லாம் ஒரு நோயா?" என்றார். அடுத்த மழை நாளில் அத்தை அவரைக் கையோடு அழைத்துக்கொண்டு பேருந்து ஏறினார்.