பாங்காக்கில் முதல் நாள்

நம் சங்கத்தைச் சேர்ந்த குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் ‘முதல் நாள் கதை’ ஒன்று உண்டு. தகரப் பெட்டியும் சுருட்டிய ஜமக்காளமுமாக ஹௌராவில் வந்து இறங்கி, பாஷை புரியாமல் விழித்து, கையிலிருந்த விலாசத்தைப் பத்துப் பேரிடம் காட்டி, பொழுது சாயும் வேளையில் ஊர்க்காரர் வீட்டைக் கண்டுபிடித்த கதை அது. என் தந்தையார் தம் கதையைச் சொல்லும்போதெல்லாம் நாங்கள் சிரிப்போம். நான் கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவன். எனக்கு அப்படி ஒரு முதல் நாள் வாய்க்கவில்லை. முப்பத்தைந்தாம் வயதில், தாய்லாந்தின் தலைநகரில்தான் அது வாய்த்தது.

கொல்கத்தாவாசிகளுக்குப் பாங்காக் தூரதேசம் அன்று. விமானத்தில் இரண்டரை மணி நேரம். டில்லிக்குப் பறப்பதும் ஏறக்குறைய அவ்வளவே. அவர்கள் கடிகாரம் நம்முடையதைவிட ஒன்றரை மணி நேரம் முந்தியது. நள்ளிரவில் புறப்பட்ட நான், பொழுது புலருமுன் அங்கே இறங்கிவிட்டேன். விமான நிலையத்தின் பெயர் சுவர்ணபூமி. 2006ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. நகரத்தின் பெயரும் அந்நாட்டார் வாயில் பாங்காக் அன்று. ‘குருங் தேப் மஹா நகோன்’ என்பார்கள். தேப் என்பது தேவர். மஹா நகோன் என்பது மகாநகரம். ‘இவ்வளவு தெரிந்த சொற்கள் இருக்கும்போது நமக்கு என்ன குறை?’ என்று மனத்தில் ஒரு துணிவு பிறந்தது. அந்தத் துணிவு இரண்டு மணி நேரந்தான் நிலைத்தது.

தனி ஆளாய்ச் சிக்கனமாகச் செல்பவனுக்கு வாடகைக் கார் ஏற்றதல்ல. விமான நிலையத்தின் அடித்தளத்திலேயே நகருக்குச் செல்லும் ரயில் நிற்கிறது. மக்காஸான் வரை 35 பாட் கொடுத்தேன். (ஒரு பாட் நம் பணத்தில் இரண்டரை ரூபாய்க்கு மேல்.) டிக்கெட்டுக்குப் பதில் வட்டமான பிளாஸ்டிக் வில்லை ஒன்று தருகிறார்கள். மக்காஸானில் இறங்கிப் பாலத்தின் வழியே நடந்தால் பெச்சபுரி என்னும் சுரங்க ரயில் நிலையம். அங்கிருந்து ஹுவா லம்போங் செல்ல வேண்டும். அதன் அருகில்தான் நான் படுக்கை ஒன்று பேசி வைத்திருந்தேன்.

செலவுக்கு அஞ்சி, கைபேசிக்கு அந்நாட்டு இணைப்பு வாங்காமல் விட்டிருந்தேன். முதலில் வந்த வண்டியில் ஏறி அமர்ந்தேன். மூன்றாவது நிலையத்தில், ‘ஹுவா’ என்று தொடங்கும் பெயர் ஒலிபெருக்கியில் கேட்டது. பரபரவென்று இறங்கினேன். வாயிற்பொறி வில்லையை விழுங்கிக்கொண்டு வழிவிட்டது. படியேறி வெளியே வந்து பார்த்தால், நாற்சந்தி மூலையில் நம் பிள்ளையார் கொலுவீற்றிருக்கிறார்! மாலைகளும் ஊதுவத்தியுமாக, அந்த அதிகாலையிலேயே தாய்லாந்து மக்கள் முழந்தாளிட்டு வணங்கிக்கொண்டிருந்தனர். கை குவித்தேன். ஆனால் ஹுவா லம்போங் நிலையத்தின் வளைந்த கூரை மட்டும் கண்ணில் படவில்லை. நான் இறங்கியது ஹுவாய் குவாங். எதிர்த்திசை வண்டியில் ஏறியிருக்கிறேன்! நித்தம் ஆயிரம் பேருக்கு வழி சொல்லும் ரயில்வே குமாஸ்தாவின் கதி இது.

மீண்டும் கீழே இறங்கி டிக்கெட் சாளரத்தின் முன் நின்றேன். உள்ளே இளம்பெண் ஒருத்தி. நான் ஆங்கிலத்தில் ஏதோ சொன்னேன், அவளுக்கு விளங்கவில்லை. அவள் சொன்னது எனக்கு விளங்கவில்லை. எனக்குப் பின்னால் அலுவலகம் செல்வோர் நான்கைந்து பேர் சேர்ந்துவிட்டனர். என் காதுகள் சுட்டன. அவளோ முகம் கோணவில்லை. ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து நேர்கோடு ஒன்று இழுத்தாள். ஒரு முனையில் 18 என்றும் மறுமுனையில் 28 என்றும் எழுதினாள். அங்கே நிலையங்களுக்குப் பெயரோடு எண்ணும் உண்டு. ஹுவாய் குவாங் 18, ஹுவா லம்போங் 28. கோட்டில் அம்புக்குறி போட்டு, எந்த நடைமேடை என்று கையால் காட்டி, காகிதத்தை என்னிடமே தந்துவிட்டாள். நான் தலை தாழ்த்தி நன்றி தெரிவித்தேன். ‘மை பென் ராய்’ என்றாள். ‘பரவாயில்லை’ என்று பொருளாம், பின்னர் தெரிந்துகொண்டேன். வரிசையில் நின்ற ஒருவரும் முணுமுணுக்கவில்லை.

வண்டியில் பத்து நிலையங்களையும் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தேன். அப்போது நினைவுக்கு வந்தது, சென்ற ஆண்டு என் சாளரத்தில் நடந்த ஒரு சம்பவம். ஜார்க்கண்ட் பக்கத்துச் சிற்றூர் இளைஞன் ஒருவன், சந்தாலி மட்டுமே அறிந்தவன், ஏதோ ஊரின் பெயரைச் சொன்னான். இரண்டு முறை கேட்டேன், புரியவில்லை. வரிசை நீண்டது. “ஒதுங்கி நில், அடுத்தவர் வரட்டும்!” என்றேன். பணி முடிந்து நான் வெளியே வந்தபோது, அவன் தூணடியில் மூட்டையின்மேல் அமர்ந்திருந்தான். நான் வீட்டுக்குப் போய்விட்டேன். அந்த முகம், பத்து நிலையங்கள் கடக்கும் வரையில், என்னை விட்டு அகலவில்லை.

ஹுவா லம்போங் ரயில் நிலையம் 1916ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. இத்தாலியச் சிற்பிகள் வரைந்த வில்வடிவக் கூரை கொண்டது. 2023 ஜனவரியில் நெடுந்தூர வண்டிகள் பல புதிய மத்திய நிலையத்துக்கு மாறிவிட்டமையால் பழைய நெரிசல் இல்லை. சாதாரண வண்டிகள் இன்னும் வருகின்றன. அவை மீட்டர் கேஜ் வண்டிகள்! சிறுவயதில் கோடை விடுமுறைக்கு எழும்பூரில் ஏறி மாயவரம் சென்ற அதே அகலத் தண்டவாளம். குனிந்து அதைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே சூலாலங்கோர்ன் மன்னரின் பெரிய படம் இருக்கிறது. அந்நாட்டில் அரசாங்க ரயில்பாதை இட்டவர் அவரே. 1872ஆம் ஆண்டில், பதினெட்டு வயதில், கல்கத்தாவுக்கு வந்து, நம் புகைவண்டியில் வட இந்தியாவைச் சுற்றிப் பார்த்தவர். அவருக்கும் நம் ஊரில் ஒரு முதல் நாள் இருந்திருக்கும் அல்லவா?

சரியாக எட்டு மணிக்குத் தேசிய கீதம் ஒலித்தது. நடந்தவர் நின்றார், அமர்ந்தவர் எழுந்தார், பெட்டி தூக்கியவர் கீழே வைத்தார். கீதம் முடிந்ததும் எல்லாரும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தனர்.

படுக்கைக்கு நாள் ஒன்றுக்கு 350 பாட். எட்டுப் பேர் உறங்கும் அறை, சுத்தமானது. குளித்துவிட்டுச் சீனர் வாழும் யாவோராட் பகுதியில் உணவு தேடினேன். மரக்கறி உண்பவர்களுக்கு அங்கே சங்கடம். காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். மஞ்சள் நிறத்தில், சிவப்பாக, நம் கண்ணுக்கு 17 என்ற எண்போல் தோன்றும் ஓர் எழுத்தைத் தேட வேண்டும். அது ‘ஜே’. அந்தக் கடையில் மீனும் இறைச்சியும் மட்டுமல்ல, வெங்காயமும் பூண்டும்கூட இரா. பாலும் மோரும் கிடையாது. தயிர்ச்சாதப் பிரியர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். 60 பாட்டில் சோறும் கீரையும் சோயாக்கட்டியும் வயிறு நிறையக் கிடைத்தன.

மாலையில் சுரங்க ரயிலில் இரண்டு நிலையம் சென்று, சீலோம் சாலை வழியே நடந்து, மகாமாரியம்மன் கோவிலை அடைந்தேன். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அங்கு குடியேறிய தமிழர் எடுப்பித்த ஆலயம். வண்ணச் சுதைகள் நிறைந்த கோபுரத்தைக் கண்டதும் கால் வலி மறந்தது. பூத்தட்டு ஏந்தி நின்றவர்களில் பெரும்பாலோர் தாய்லாந்து மக்களே. குருக்கள் திருநீறு தந்து, “தம்பிக்கு எந்த ஊர்?” என்றார். விடியற்காலையிலிருந்து ஊமையாய் இருந்தவனுக்கு அந்த மூன்று சொற்களே பிரசாதம். “கொல்கத்தா” என்றேன். “அதைக் கேட்கவில்லை, சொந்த ஊர்?” என்று சிரித்தார். மாயவரம் பக்கம் என்றதும் இன்னொரு வாழைப்பழம் கிடைத்தது.

அக்கோவிலை ஊரார் ‘வாட் கேக்’ என்கின்றனர். பிறந்த நாளுக்கு வெட்டும் கேக் அன்று! வாட் என்றால் கோவில். ‘கேக்’ என்பது இந்தியர் முதலான மேற்றிசையாரை அவர்கள் குறிக்கும் சொல். சிலர் வாயில் அது இளக்காரமாக ஒலிப்பதும் உண்டு. ஆனால் அதன் நேர்பொருள் விருந்தாளி என்பதே. நம் பழந்தமிழிலும் விருந்து என்றால் புதுமை. புதிதாய் வந்தவரே விருந்தினர். வந்தவனை அந்நியன் என்பதும் விருந்தாளி என்பதும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. அதை எந்தக் குரலில் சொல்வது என்பதுதான் நம் கையில் இருக்கிறது.

இரவு கணக்குப் பார்த்தேன். படுக்கை, உணவு, ரயில், அர்ச்சனை எல்லாம் சேர்த்து 650 பாட்டுக்குள் அடங்கியது. அதன் பின் நான்கு நாள் சுற்றினேன். அரண்மனையும் புத்த விகாரங்களும் பார்த்தேன். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கின்றனர்.

இப்போது என் சாளரத்தில், மைப்பெட்டிக்கு அருகில், வெட்டிய துண்டுக் காகிதங்கள் ஒரு கட்டு இருக்கின்றன. அந்தச் சந்தாலி இளைஞன் மீண்டும் வரவில்லை. வேறு பலர் வருகின்றனர். என் தந்தையார் தம் முதல் நாள் கதையைச் சென்ற ஞாயிறன்று மறுபடியும் சொன்னார். இம்முறை நான் சிரிக்கவில்லை. ஹௌராவில் அவருக்கு வழி காட்டியவர் யார் என்று கேட்டேன்.