கறுப்பு முகத்துக்கு எந்த விளக்கு?

கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்க எங்கள் ராமநாதபுரம் ஸ்டூடியோவுக்கு வரும் தாய்மார்கள், பெண்ணை ஸ்டூலில் உட்கார வைத்துவிட்டு என் காதோரம் வந்து சொல்வது ஒன்றுதான். "யக்கா, எம்மவ கொஞ்சம் கறுப்பு. பாத்து வெள்ளையா எடுத்துக் குடுங்க." ரகசியம் சொல்வதாக அவர்களுக்கு நினைப்பு. பெண்ணுக்கு நன்றாகவே காதில் விழும். அவள் முகம் சுருங்குவது கேமிரா வழியே எனக்குத்தானே தெரிகிறது!

ஸ்டூடியோ இவருடையது. கீழக்கரை, தொண்டியிலிருந்து பாஸ்போர்ட் படத்துக்கு வரும் பெண்களுக்குத் தோதாக இருக்குமே என்றுதான் நான் கேமிராவைத் தொட்டேன். (இதொன்றும் புதுமையில்லை. ஹைதராபாத்தில் லாலா தீன் தயாள் 1892-லேயே கோஷாப் பெண்களுக்கென ஓர் ஆங்கிலேயப் பெண்மணியின் பொறுப்பில் தனி ஸ்டூடியோ வைத்திருந்தார்.) ஆனால் விளக்கு வைக்கக் கற்றது பிறகுதான். மாவட்டத்துப் போட்டோக்காரர்கள் கூடி ஒரு கல்யாண மண்டபத்தில் மூன்று நாள் பயிற்சி நடத்தினார்கள். முப்பது ஆண்கள், நான் ஒருத்தி. முதல் நாள் காலை என் பக்கத்து நாற்காலிகள் காலி. மத்தியானம் விளக்கு வைத்துக் காட்ட ஒரு முகம் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார்கள். "உக்காருறேன். ஆனா அப்புறம் எனக்கும் விளக்கு வைக்க ஒரு முறை வேணும்" என்றேன். கொடுத்தார்கள்.

பரமக்குடிப் பெரியவர் ஒருவர் பழங்கதை சொன்னார். நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலால் மெல்லத் தீற்றினால் பிரிண்டில் அந்த இடம் வெளுக்குமாம். "எங்க தொழில்ல பாதி வெளுக்குறதுதாம்மா" என்று சிரித்தார். இன்று கம்ப்யூட்டரில் அது ஒரு தட்டு. கோடாக் கம்பெனி நிறம் சரிபார்க்க லேபுகளுக்கு அனுப்பிய 'ஷெர்லி கார்டு'களிலும் பல வருஷம் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம்தான்.

கறுப்பு முகத்துக்கு நேருக்கு நேர் பளீரென்று அடிக்கும் விளக்கு ஆகாது. நெற்றியும் மூக்கும் எண்ணெய் வழிவது போல் மின்னும், மற்றதெல்லாம் தட்டையாகிவிடும். வெள்ளைக் குடையில் பட்டு வரும் வெளிச்சம் பக்கவாட்டில், சற்று உயரத்திலிருந்து விழ வேண்டும். வெண்கலக் குத்துவிளக்கை ஜன்னலோரம் வைத்துப் பாருங்கள், வளைவெல்லாம் எப்படித் தெரிகிறது! அதே கதைதான். விளக்கை இரண்டு மடங்கு தூரம் தள்ளினால் வெளிச்சம் கால்வாசியாகிவிடும். இதை டேப் வைத்து அளந்தே காட்டினார்கள். கேமிராவின் மீட்டரையும் முழுக்க நம்பக் கூடாது. கறுப்பு முகத்தைக் கண்டால் வெளிச்சம் போதவில்லை என்று அது கூடுதலாக விட்டுவிடும். முகம் சாம்பல் பூத்துப் போகும்.

ராமேஸ்வரத்தில் யாத்திரைக்காரர்களைப் படம் எடுக்கும் தம்பி சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்தது. தனுஷ்கோடியில் மணலே வெளிச்சத்தைக் கீழேயிருந்து தூக்கிக் கொடுக்குமாம், கண்ணுக்கடியில் குழி தெரியாதாம். அந்த மணலுக்குப் பதிலாக இப்போது நான் பெண்ணின் மடியில் வெள்ளைத் தெர்மாகோல் அட்டையை வைக்கிறேன்.

போன ஆவணியில் பாம்பனிலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். அதே வேண்டுகோள். "வெளுத்த படத்தப் பாத்துட்டு வர்றவுக, நேர்ல கண்டதும் மொகம் மாறுவாகளே. அந்த நேரத்துல காப்பித் தட்டோட நிக்கிறது இவதானே?" என்றேன். அந்த அம்மாள் பதில் பேசவில்லை. வெள்ளைக் குடையை வைத்து எடுத்தேன். படத்தை வெகுநேரம் பார்த்தவள், "கறுப்பாத்தான் இருக்கா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "எங்காத்தா சாடை அப்படியே இருக்கு" என்றாள். மகள், "ரெண்டு காப்பி போடுங்கக்கா, ஒண்ணு எனக்கு" என்றாள்.

சம்பந்தம் கூடியதா என்று கேட்பீர்கள். பேச்சு நடக்கிறதாம்.

கைக்குழந்தையைப் படமெடுக்க ஸ்டூடியோவே வேண்டாம். நேர் வெயில் விழாத ஜன்னல் பக்கம் படுக்க வைத்து, எதிர்ப்பக்கம் வெள்ளை வேட்டியை யாரையாவது விரித்துப் பிடிக்கச் சொல்லுங்கள். பவுடரை மட்டும் அப்பாதீர்கள்.